பழைய காரில் சர்வீஸ் விளக்கு எரிகிறதா? அணைக்கும் முன்பும் அணைக்கும்போதும் செய்ய வேண்டியவை

பழைய கார் வாங்கியவர்கள் முதல் சில மாதங்களில் அதிகம் கேட்கும் கேள்வி டேஷ்போர்டில் எரியும் மஞ்சள் விளக்கைப் பற்றியது. ஒரு ஸ்பேனர் படம் தெரியும். அல்லது ‘சர்வீஸ்’, ‘ஆயில்’, ‘இன்ஸ்பெக்‌ஷன்’ என்று ஏதாவது ஒரு சொல் தெரியும். சில கார்களில் சாவியைத் திருப்பியதும் வந்து சில நொடிகளில் மறைந்துவிடும். சிலவற்றில் வண்டி ஓடும் நேரமெல்லாம் எரிந்துகொண்டே இருக்கும். வண்டியோ எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ முதல் காராக ஒரு பழைய வண்டியை வாங்கி, அதை நன்றாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பழைய கார்களில் இந்த விளக்கு பெரும்பாலும் ஒரு கணக்குப்பிள்ளையின் வேலையைத்தான் செய்கிறது. கடைசியாகக் கணக்கைத் திருத்திய நாளிலிருந்து எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை மாதம் ஆயிற்று என்பதை மட்டும் எண்ணுகிறது. 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், சில கார்களில் 15,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், இதில் எது முதலில் வருகிறதோ அப்போது விளக்கை ஏற்றுகிறது. ஆயில் கெட்டுவிட்டதா என்று அதற்குத் தெரியாது. நேற்றுதான் புதிய ஆயில் ஊற்றினீர்கள் என்பதும் தெரியாது. ஆகவே, விளக்கை அணைப்பது என்றால் ‘வேலை முடிந்தது, மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணு’ என்று வண்டிக்குச் சொல்வது. வேலை முடியாமல் அதைச் சொன்னால், அடுத்த 10,000 கிலோமீட்டருக்கு அந்தக் காரில் உங்களை எச்சரிக்க எதுவும் இருக்காது.

எந்த விளக்கு என்பதில் தெளிவு வேண்டும்

அணைக்கும் முறையைத் தேடும் முன் எரிவது சர்வீஸ் விளக்குதானா என்று உறுதிசெய்யுங்கள். இதில் குழம்பினால் இன்ஜினே போய்விடும்.

சிவப்பில் எரிவது எதுவானாலும் உடனே கவனிக்க வேண்டியது. எண்ணெய்க் குடுவையின் மூக்கிலிருந்து ஒரு சொட்டு விழுவதுபோல் இருக்கும் சிவப்பு விளக்கு ஆயில் அழுத்தத்தைக் குறிக்கிறது. அதற்கும் ஆயில் மாற்றும் நினைவூட்டலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஓடும்போது அது எரிந்தால் ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். ‘பக்கத்து ஊர் வரை போய்விடலாம்’ என்று காரிமங்கலத்திலிருந்து காவேரிப்பட்டணம் வரை ஓட்டினால், அந்தச் சில கிலோமீட்டரிலேயே கிராங்க் ஷாஃப்ட் பேரிங்குகள் தேய்ந்து நாசமாகிவிடும். வெப்பமானி படம், பேட்டரி படம், வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட பிரேக் விளக்கு ஆகியவையும் சிவப்பு இனம்தான். ஹேண்ட்பிரேக்கை முழுவதும் இறக்கிய பிறகும் பிரேக் விளக்கு எரிந்தால் பிரேக் ஆயில் அளவைப் பாருங்கள். தொப்பூர் கணவாயில் இறங்கும் முன் பார்த்துவிட வேண்டிய விஷயம் அது.

மஞ்சளில் இன்ஜின் வடிவப் படம் எரிந்தால் அது ‘செக் இன்ஜின்’. ஏதோ ஒரு சென்சார் உண்மையாகவே ஒரு கோளாறைப் பார்த்திருக்கிறது என்று பொருள். சர்வீஸ் விளக்கை அணைக்கும் முறையால் அது அணையாது. பட்டனை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் பயனில்லை.

ஸ்பேனர் படம் எல்லாக் காரிலும் ஒரே பொருளில் வருவதில்லை என்பதையும் கவனியுங்கள். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா கார்களில் ஸ்பேனர் சர்வீஸைக் குறிக்கிறது. பல ஃபோர்டு கார்களில் அதே ஸ்பேனர் இன்ஜின், கியர் தொடர்பான கோளாறைக் குறிக்கிறது. டீசல் கார்களில் சுருள் கம்பி போன்ற ஒரு விளக்கு இருக்கும். சாவியைத் திருப்பியதும் சில நொடி எரிந்து அணைந்தால் அது இயல்பு. இன்ஜினுக்குள் சூடேற்றும் பிளக் வேலை செய்கிறது. ஃபோக்ஸ்வேகன் டீசலில் அதே சுருள் ஓடும்போது மினுக்கினால் இன்ஜின் கட்டுப்பாட்டில் கோளாறு. வண்டியோடு வந்த கையேடு கைவசம் இல்லையென்றால், பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் அதை இலவசமாகவே கொடுக்கின்றன. உங்கள் மாடலின் பெயரையும் ஆண்டையும் போட்டுத் தேடி இறக்கிக்கொள்ளுங்கள். ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வதைக் கேட்பதைவிட அது நல்லது.

பழைய இன்னோவா வைத்திருப்பவர்களுக்கு

இந்த இரண்டு மாவட்டங்களிலும் வாடகைக்கும் சொந்தத்துக்கும் ஓடும் பழைய இன்னோவாக்கள் ஏராளம். 2005இல் வந்து 2016இல் அடுத்த மாடலான கிரிஸ்டாவுக்கு இடம் விடும் வரை விற்ற 2.5 லிட்டர் டீசல் இன்னோவாவில் ‘டி-பெல்ட்’ என்று ஒரு விளக்கு உண்டு. வால்வுகளும் பிஸ்டன்களும் ஒன்றோடொன்று ஒத்து ஓட வைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்ற வேண்டிய கிலோமீட்டர் வந்துவிட்டது என்று அது சொல்கிறது. இதுவும் கணக்கு பார்க்கும் விளக்குதான். மீட்டரில் உள்ள பட்டனாலேயே அணைத்துவிடலாம். அதனால்தான் இது ஆபத்தானது. அந்த பெல்ட் ஓடும்போது அறுந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதிக்கொள்ளும்; பெல்ட்டை மாற்றும் செலவைப்போல் பல மடங்கு செலவில் இன்ஜினைப் பிரிக்க வேண்டி வரும். பழைய இன்னோவா வாங்கும்போது பெல்ட் எத்தனையாவது கிலோமீட்டரில் மாற்றப்பட்டது என்று கேளுங்கள். பில் இல்லையென்றால் விளக்கு எரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். அந்த விளக்கை யாரோ எப்போதோ அணைத்திருக்கலாம்.

நம் சாலைகளுக்கு எந்தக் கணக்கு?

கையேட்டில் எழுதியிருக்கும் 10,000 கிலோமீட்டர் சாதாரண ஓட்டத்துக்கானது. அதே கையேட்டில் ‘கடினமான சூழல்’ என்று இன்னொரு பட்டியலும் இருக்கும்: புழுதி, மலைப்பாதை, அதிகச் சுமை, இன்ஜின் சூடேறும் முன்பே முடிந்துவிடும் குட்டிப் பயணங்கள். அந்தப் பட்டியலைப் படிக்கும்போது நம் ஊர்களைப் பார்த்து எழுதியது போலவே எனக்குத் தோன்றும். கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கத்துக் கிரானைட் குவாரிச் சாலைகளில் ஓடும் காரின் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தரையில் லேசாகத் தட்டிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மாவு கொட்டும். மாம்பழப் பருவத்தில் தோப்புக்கும் மண்டிக்கும் மண் பாதையில் போய்வரும் வண்டிகளும் அப்படித்தான். வத்தல்மலைக் கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரில் ஏறும் கார், ஒகேனக்கல் போய் அஞ்செட்டி மலைப்பாதை வழியாகத் திரும்பும் கார் எல்லாமே கடினமான ஓட்டம்தான்.

இப்படிப்பட்ட ஓட்டத்துக்கு ஆயிலையும் ஏர் ஃபில்டரையும் குறித்த கிலோமீட்டருக்கு முன்பே, ஏறக்குறையப் பாதியிலேயே மாற்றுவது முறை. விளக்கு எரியும்வரை காத்திருக்க வேண்டாம். மீட்டருக்குப் புழுதியும் தெரியாது, கணவாயும் தெரியாது.

இதற்கு நேர் எதிரான ஓட்டமும் நம்மிடம் உண்டு. தருமபுரியிலிருந்து பெங்களூருக்கு ஏறக்குறைய 130 கிலோமீட்டர். வாரம் ஒருமுறை தேசிய நெடுஞ்சாலை 44 வழியாகப் போய்வரும் காருக்கு ஒன்பது மாதத்தில் 10,000 கிலோமீட்டர் ஆகிவிடும். சீரான வேகம், சூடான இன்ஜின், குறைந்த புழுதி என்பதால் அந்த ஓட்டம் ஆயிலுக்கு நல்லது. கையேட்டுக் கணக்கையே பின்பற்றலாம். இன்னொரு வகை, வீட்டுக்காரர் ஓசூரிலோ பெங்களூரிலோ வேலையில் இருக்க, அரூரில் கொட்டகையில் நிற்கும் கார். வருடம் முழுக்க 2,000 கிலோமீட்டர்கூட ஓடாது. அதற்கும் வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றத்தான் வேண்டும். நின்றபடியே ஈரப்பதம் சேர்கிறது, ஆயிலின் குணம் குறைகிறது.

முதலில் டிப்ஸ்டிக்

காவேரிப்பட்டணம் பக்கத்துப் பட்டறை ஒன்றில் பழைய ஃபோக்ஸ்வேகன் போலோவோடு ஓர் இளைஞர் வந்து நின்றார்.

“அண்ணா, இந்த ஸ்பேனர் விளக்கை மட்டும் அணைத்துக் கொடுங்கள்.”

“அணைக்க ஒரு நிமிடம் போதும் தம்பி. ஆயில் எப்போது மாற்றினீர்கள்?”

“வாங்கும்போதே மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள்.”

மெக்கானிக் பானெட்டைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி, துணியில் துடைத்து, மறுபடி முழுவதும் செருகி எடுத்தார். கம்பியின் நுனியில்தான் ஆயில் ஒட்டியிருந்தது, கீழ்க்குறிக்கும் கீழே. ஒட்டியிருந்ததும் தார்போல் கெட்டியாக இருந்தது. விளக்கை அணைக்கும் பேச்சை விட்டுவிட்டு அவர் வண்டியை ஜாக்கியில் ஏற்றினார். அவர் செய்தது சரியான வரிசை.

நீங்களும் அதே வரிசையில் செய்யுங்கள். சமமான தரையில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பத்து நிமிடம் விடுங்கள். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி செருகி உருவிப் பாருங்கள். மேல்குறிக்கும் கீழ்க்குறிக்கும் இடையில் இருக்க வேண்டும். டீசல் காரில் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். விரலுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். வழுவழுப்பாக இருந்தால் சரி. மணல்போல் நெருடினாலோ, தார்போல் இழுத்தாலோ மாற்றும் காலம் கடந்துவிட்டது. பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் அதில் கலக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கை அழைப்பது நல்லது.

ஆயில் மாற்றும்போது ஆயில் ஃபில்டரையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் ட்ரெயின் போல்ட்டின் வாஷரையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். சில ரூபாய் மிச்சம் பிடிக்கப் பழைய வாஷரையே போட்டால் அங்கிருந்துதான் சொட்டத் தொடங்கும். எந்த ஆயில் என்பது கையேட்டில் 5டபிள்யூ-30, 15டபிள்யூ-40 என்பதுபோல் எழுதியிருக்கும். கடையில் இருப்பதை ஊற்றிக்கொள்ளாதீர்கள். கழிவு ஆயிலைக் கிணற்றடியிலோ ஓடையிலோ ஊற்றாமல் பட்டறையிலேயே விட்டுவிடுங்கள். அவர்களிடம் அதை வாங்கிச் செல்ல ஆள் வருவார்கள்.

இவையெல்லாம் முடிந்த பிறகு, மீட்டரில் உள்ள கிலோமீட்டரையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டு ஆர்.சி. புத்தகத்தோடு காரிலேயே இருக்கட்டும். விளக்கைவிட அந்த நோட்டை நான் அதிகம் நம்புகிறேன். அதை யாரும் பட்டனை அழுத்தி அழிக்க முடியாது.

விளக்கை அணைக்கும் முறைகள்

எல்லா முறைக்கும் பொதுவானவை சில. வண்டி சமதரையில், நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு நிற்க வேண்டும். கதவுகள் மூடியிருக்கட்டும். கீழே நான் ‘ஆன்’ என்று சொல்வது, சாவியைத் திருப்பி டேஷ்போர்டு விளக்குகள் எல்லாம் எரியும் நிலை; இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் கூடாது. சாவிக்குப் பதில் பட்டன் உள்ள கார்களில் பிரேக்கையும் க்ளட்ச்சையும் மிதிக்காமல் பட்டனை அழுத்தினால் இன்ஜின் ஓடாமலேயே இந்த நிலை வரும். சிலவற்றில் இரண்டுமுறை அழுத்த வேண்டும். பேட்டரி வலுவிழந்திருந்தால் பாதியில் மீட்டர் அணைந்துவிடும், ஆகவே முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

மிகவும் பரவலானது மீட்டர் பட்டனை அழுத்திப் பிடிக்கும் முறை. 2010 முதல் 2022 வரை இங்கே விற்ற ஃபோக்ஸ்வேகன் போலோவை எடுத்துக்கொள்வோம். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கும் ‘0.0’ பட்டனை, சாவி ஆஃபில் இருக்கும்போதே அழுத்திப் பிடியுங்கள். பிடித்தபடியே சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்புங்கள். திரையில் சர்வீஸ் பற்றிய எழுத்து வந்ததும் பட்டனை விடுங்கள். உடனே சில மாடல்களில் அதே பட்டனை ஒருமுறை அழுத்த வேண்டும். வேறு சிலவற்றில் கடிகாரத்தின் நிமிடப் பட்டனை அழுத்த வேண்டும். தாமதித்தால் திரை பழைய நிலைக்குப் போய்விடும். மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம், அதனால் கெடுதல் இல்லை. ஸ்கோடா ராபிட் போன்ற உறவுக் கார்களிலும் முறை ஏறத்தாழ இதுவே.

பராமரிப்பு விளக்கு உள்ள பழைய டொயோட்டா கார்களில் சிறு வேறுபாடு உண்டு. முதலில் திரையில் மொத்தக் கிலோமீட்டர் தெரியும்படி வைத்துக்கொள்ள வேண்டும். சில மாடல்களில் ‘டிரிப் ஏ’ தெரிய வேண்டும். இதைக் கவனிக்காமல்தான் பலர் பட்டனை அழுத்தி அழுத்திச் சலித்துப்போகிறார்கள். பிறகு சாவியை ஆஃப் செய்து, பட்டனை அழுத்திப் பிடித்தபடி ‘ஆன்’ செய்து, விடாமல் பிடித்திருங்கள். சில நொடிகளில் திரையில் பூஜ்யங்கள் வரிசையாக வந்து விளக்கு அணையும்.

ஃபோர்டு நிறுவனம் 2021இல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ஆனால் அதன் கார்கள் நம் சாலைகளில் இன்னும் நிறைய ஓடுகின்றன. ஈகோஸ்போர்ட் போன்ற மாடல்களில் பட்டனுக்குப் பதிலாகக் கால் வேலை செய்யும். ‘ஆன்’ நிலையில் ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் ஒன்றாக முழுவதும் மிதித்து அப்படியே வைத்திருங்கள். கால் நிமிடம் வரை ஆகலாம். திரை உள்ள மாடலில் வேலை முடிந்ததாகச் செய்தி வரும். இன்ஜின் ஓடவில்லை என்பதை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதிக்கப் போகிறீர்கள்.

ஹூண்டாய் உட்பட பல நிறுவனங்களின் சற்றே புதிய மாடல்களில் மெனு வந்துவிட்டது. ஸ்டீயரிங்கில் உள்ள பட்டன்களால் அமைப்புகளுக்குப் போய், சர்வீஸ் இடைவெளி என்ற பகுதியில் ‘ஓகே’ அல்லது ‘ரீசெட்’ பட்டனை அழுத்திப் பிடித்தால் போதும். கூடவே கிலோமீட்டரைக் குறைத்து வைக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். குவாரிச் சாலையில் ஓடும் காருக்கு 5,000 என்று வைத்துவிட்டால் மீட்டரும் நம் ஊர்க் கணக்குக்கு வந்துவிடும்.

பேட்டரி வயரைக் கழற்றிப் பத்து நிமிடம் வைத்தால் எல்லா விளக்கும் அணைந்துவிடும் என்று சொல்வார்கள். பெரும்பாலான கார்களில் சர்வீஸ் கணக்கு மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் இருக்கிறது. கடிகாரமும் ரேடியோ அமைப்பும்தான் அழியும். சில கார்களில் இன்ஜின் சில நாள் சீரற்று ஓடவும் செய்யும். அந்த வழி வேண்டாம்.

செக் இன்ஜின் என்றால்

இந்தியாவில் 2013 ஏப்ரலுக்குப் பின் வந்த கார்களில் ஓ.பி.டி. இரண்டாம் தலைமுறை முறை இருக்கும். வண்டி தன் கோளாறைத் தானே கண்டறிந்து ஓர் எண்ணாகப் பதிவுசெய்யும் ஏற்பாடு அது. ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே, 16 ஊசிகள் பொருந்தும் ஒரு சாக்கெட் இருப்பதைக் கையால் தடவியே கண்டுபிடிக்கலாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் கருவியை அதில் செருகி, செல்பேசியில் கோளாறு எண்ணைப் படிக்கலாம். பி0300 என்றால் சிலிண்டர்களில் எரிப்பு தவறுகிறது. பி0171 என்றால் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போகவில்லை. பி0420 என்றால் புகைக்குழாயில் புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி மாற்றி சரியாக வேலை செய்யவில்லை என்று சென்சார் கருதுகிறது. கருதுகிறது என்றுதான் சொல்கிறேன். அந்த எண்ணைப் பார்த்த உடனே விலை உயர்ந்த மாற்றியை வாங்காதீர்கள். சென்சாரே பழுதாகியிருக்கலாம், குழாயில் கசிவும் இருக்கலாம்.

எண்ணை அழிக்கும் முன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அழித்தால், கோளாறு வந்த நேரத்தின் வெப்பம், வேகம் போன்ற பதிவுகளும் போய்விடும். மெக்கானிக்குக் கிடைக்கும் முதல் தடயம் அதுதான்.

பழைய கார் பார்க்கப் போகும்போது

எரியும் விளக்கைவிட எரியாத விளக்கு மோசமானது. கார் வாங்கப் போனால் பகல் வெளிச்சம் மீட்டரில் விழாதபடி கையால் மறைத்துக்கொண்டு சாவியை ‘ஆன்’ நிலைக்கு மட்டும் திருப்புங்கள். செக் இன்ஜின், ஆயில், பேட்டரி விளக்குகளும், வண்டியில் ஏ.பி.எஸ்., ஏர்பேக் இருந்தால் அவற்றின் விளக்குகளும் எரிய வேண்டும். ஏ.பி.எஸ்., ஏர்பேக் விளக்குகள் சில நொடியில் தாமாக அணையும். மற்றவை ஸ்டார்ட் செய்ததும் அணைய வேண்டும். ஏதாவது ஒன்று எரியவே இல்லையென்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம், கறுப்பு டேப் ஒட்டியிருக்கலாம். ஏர்பேக் விளக்கு ஆயில் விளக்கோடு அதே கணத்தில் அணைந்தால் இரண்டையும் ஒரே வயரில் கோத்திருக்கிறார்களோ என்று சந்தேகப்படுங்கள்.

கர்நாடகப் பதிவில் வந்து டி.என். 29, டி.என். 24, டி.என். 70 என்று மாறிய கார்களுக்கு அங்கே நடந்த சர்வீஸ் விவரத்தை, பதிவு எண்ணையோ சேஸிஸ் எண்ணையோ கொடுத்து, அந்த நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில் கேட்டுப் பார்க்கலாம். மீட்டரில் 60,000 என்று காட்டி, பிரேக் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் மிதியை நம்புங்கள்.

அணையாவிட்டால், திரும்ப வந்தால்

சரியாகச் செய்தும் சில நூறு கிலோமீட்டரில் விளக்கு மறுபடி வந்தால், சில கார்களில் இரண்டு கணக்குகள் இருப்பது காரணமாக இருக்கலாம். ஃபோக்ஸ்வேகனில் ஆயிலுக்கு ஒன்று, முழுச் சோதனைக்கு ஒன்று. நீங்கள் ஆயில் கணக்கை மட்டும் திருத்தியிருப்பீர்கள். திரையில் வரும் எழுத்தைப் படித்து மற்றொன்றையும் திருத்துங்கள். அதற்கு முன் பிரேக் பேடுகள், கூலன்ட், பெல்ட்டுகள் ஆகியவற்றைப் பார்த்திருக்க வேண்டும்.

மீட்டர் பட்டனே உடைந்திருந்தால் ஸ்கேனரால்தான் முடியும். விலை குறைந்த புளூடூத் கருவி கோளாறு எண்ணைப் படிக்கும். சர்வீஸ் கணக்கைத் திருத்த பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்துக்கு ஏற்ற கருவி தேவை. ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறைக்குப் போகும் முன் தொலைபேசியில் மாடலையும் ஆண்டையும் சொல்லி, கோளாறு எண் படிப்பதோடு சர்வீஸ் கணக்கைத் திருத்தவும் அவர்கள் கருவியால் முடியுமா, அதற்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். போகும்போது உங்கள் நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். எந்தக் கிலோமீட்டரிலிருந்து எண்ண வேண்டும் என்று அவர்கள் கேட்பார்கள்.